முறைத் தண்ணீர்

தை மாதம் தெப்பத் திருவிழாவுக்கு முந்தின நாள் மீனாட்சி சிந்தாமணிக்குப் போவாள். கூடவே சொக்கரும் போவார். மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கிற அந்தப் பக்கத்துக்கு அவர்கள் போவது கதிர் அறுக்க. கதிரறுப்புத் திருவிழா என்றே அதற்குப் பெயர். சித்திரையில் பட்டாபிஷேகம் கண்டு, செங்கோல் வாங்கி, எட்டுத் திக்கும் வென்று, கல்யாணமும் முடித்த அரசி தையில் வயலுக்கு வந்து நிற்கிறாள். மறுநாள்தான் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். அறுப்பு முடியாமல் தெப்பம் ஏறக்கூடாது என்று விதித்தவர் கட்டாயம் சம்சாரி வீட்டில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மதுரையில் குடியேறிய பிறகு அந்த விழாவுக்குத் தவறாமல் போகிறேன். ஊரில் இருந்த காலத்தில் ஒரு வருஷம்கூடப் போனதில்லை. போக முடியாது. அதே வாரம் எங்கள் வயலிலும் அறுப்பு நடக்கும். விடியுமுன் பண்ணரிவாளோடு இறங்கினால், கட்டுக் கட்டி, களத்தில் சேர்த்து, அடித்து, தூற்றி முடிய நாலைந்து நாளாகும். அப்பத்தா முறத்தைத் தூக்கிக் காற்றுக்குப் பிடித்தபடியே சொல்லும்: "ஆத்தா சிந்தாமணிக்கு வந்திருப்பாடா இந்நேரம். அவளுக்கும் இன்னைக்கு இதே சோலிதான்."

அதைக் கேட்டு அப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டதாக நினைவில்லை. கும்பிடுகிற தூரத்தில் அவள் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. பக்கத்து வயலில் ஒருத்தி குனிந்து அறுத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். இன்று கூட்டத்தில் எட்டி நின்று, தோளுக்கு மேல் தெரிகிற பல்லக்கைப் பார்த்து நன்றாகக் கும்பிடுகிறேன். கும்பிட்டு முடித்ததும் ஒரு வெறுமை வருகிறது. அவள் வேலைக்கு வந்திருக்கிறாள். நான் பார்க்க வந்திருக்கிறேன். இந்த வித்தியாசம் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே, பெரியாற்றுப் பாசனத்தின் கடைமடை. எங்கள் தண்ணீர் பிறக்கிற இடம் தேக்கடி மலைக்குள் இருக்கிறது. மேற்கே இறங்கி அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895 அக்டோபரில் அந்த அணை திறக்கப்பட்டது. சுரங்கத்தின் வழியாக வரும் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, வைகை அணையில் தேங்கி, பேரணையில் பெரிய வாய்க்காலுக்குள் திரும்பி, வாடிப்பட்டிப் பக்கமாக ஓடி, கள்ளந்திரிக்கு வரும். கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் சேர்த்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இந்த எண்களை ஒப்பிப்பார். வருஷா வருஷம் அணை திறக்கும் அறிவிப்பில் அதே எண்கள்தான் வரும். அந்த லட்சத்துச் சொச்சத்துக்குள் தன் ஐம்பது செண்டும் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

தேனிப் பக்கம் பாலார்பட்டியில், பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்காரப் பொறியாளருக்கு எதற்குப் பொங்கல் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மடையில் வந்து விழுகிற தண்ணீரைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். கள்ளந்திரியில் மதகைத் திறக்கும்போது அதிகாரிகளும் அமைச்சர்களும் தண்ணீரில் பூத் தூவுவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ எங்கள் ஊர் வரை வராது. ஆனால் தண்ணீர் வந்துவிட்டது என்று முதலில் கண்டவன் வாய்க்கால் ஓரமாகவே ஓடிவந்து ஊருக்குச் சொல்வான். சொன்னவனுக்கு ஏதாவது ஒரு வீட்டில் காப்பி கிடைக்கும்.

அணையில் இருப்பு இருந்தால் ஒருபோகத்துக்குச் செப்டம்பர் 15 வாக்கில் திறப்பார்கள். 120 நாள் கணக்கு. முதல் 45 நாள் நிறுத்தாமல் வரும். மீதி 75 நாள் முறை: சில நாள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், சில நாள் அடைத்துவிடுவார்கள். ஊருக்குள் வந்த பிறகு அந்த முறைக்குள்ளேயே இன்னொரு முறை. இந்த மடைக்கு இந்தப் பொழுது, இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம். நீர்ப்பாய்ச்சி மனசுக்குள்ளேயே கணக்கு வைத்திருப்பார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி. ஆகவே எங்கள் முறை பெரும்பாலும் நடுச்சாமம் தாண்டித்தான் வரும்.

நான் தொலைத்தது அந்த இரவுகளை.

அப்பா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே போவார். நான் டார்ச்சோடு பின்னால். வரப்பில் சாக்கை விரித்து உட்காருவோம். கார்த்திகை, மார்கழிப் பனி தலையில் இறங்கும். மேல் மடைக்காரர் வயல் நிறையும் வரை காத்திருக்க வேண்டும். பேச்சு கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு தவளைச் சத்தம். பிறகு அதுவும் காதுக்குப் பழகிப்போய்க் கேட்காமலாகும். ஏதோ ஒரு நேரத்தில் வாய்க்காலின் ஓசை மாறும். அப்பா எழுந்து, மடையடியில் இருக்கிற கருப்பனின் கல்லைப் பார்த்து ஒருமுறை தலையைத் தாழ்த்திவிட்டு, மடையை வெட்டி விடுவார். வெடித்துக் கிடந்த மண் தண்ணீரை வாங்குகிற சத்தம் ஒன்று உண்டு. வயல் முழுக்கச் சின்னச் சின்னதாய்க் கொப்புளம் உடையும். அதைக் கேட்டுக்கொண்டு இருளில் நிற்கும்போது கேட்கவோ வேண்டவோ எதுவும் இல்லாத ஒரு நிலை வரும். பின்னால் எத்தனையோ தியான வகுப்புகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்பாவுக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தில் டார்ச் அடிக்க எனக்குக் கை வராது.

தண்ணீர்த் திருட்டு இல்லாத ஊர் கிடையாது. மேல் மடையில் ஒருவன் மண்ணைத் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரிப் படுத்திருப்பான். சண்டை வரும். அரிவாள் வரைக்கும் போனதும் உண்டு. முற்றினால் அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் போய்ச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். அங்கே சாமிக்கு உருவம் இல்லை. மூடின கதவு, அதன்மேல் சந்தனம். அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. பாதி வழியிலேயே "சரி, எடுத்தது உண்மைதான்" என்று ஒத்துக்கொண்டு திரும்பியவர்களைத் தெரியும். நீதியும் தண்ணீரும் சாமியும் ஒரே இடத்தில் இருந்தன. எனக்குப் பக்தி என்று ஒன்று வந்தது அங்கிருந்துதான். பாட்டிலிருந்தோ பிரசங்கத்திலிருந்தோ வரவில்லை.

நடவு நாள் வேறு மாதிரி. தொளி உழவு முடிந்து பரம்படித்த வயல் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். சனி மூலையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, சூடம் காட்டி, முதல் நாற்று முடியைப் பிரிப்பார்கள். நடவுப் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தச் சத்தம் கண்மாய்க் கரையில் பட்டுத் திரும்பும். அதற்குப் பிறகு யாரும் சாமி பேரை எடுக்கமாட்டார்கள். அடுத்த வீட்டுச் சண்டை, மருமகள் கதை, சினிமா, கேலி. அதற்கிடையே விரல்கள் மண்ணுக்குள் போய் வந்துகொண்டே இருக்கும். பொழுது சாய்ந்து நிமிர்ந்து பார்த்தால் வயல் பச்சையாகியிருக்கும்.

களத்தில் மட்டும் பேச்சு குறையும். தூற்றிக் குவித்த நெல் எங்களுக்குப் பொலி. பொலியின் உச்சியில் சாணியில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகுவார்கள். செருப்புக் காலோடு யாரும் கிட்ட வரக்கூடாது. மரக்காலால் அளப்பவர் கிழக்கே பார்த்து உட்காருவார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார். அடுத்தது "ரெண்டு", "மூணு". வண்ணார், நாவிதர், நீர்ப்பாய்ச்சி, கோயில், வந்து நிற்கிற ஏழை என்று ஒவ்வொருவருக்கும் பங்கு போகும். எல்லோருக்கும் போன பிறகு மிச்சம்தான் வீட்டுக்கு. கடன்காரர் வந்து நின்றால் அந்த மிச்சத்திலும் பாதி போகும். ஆனாலும் களத்தில் ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வருஷம் விளையாது என்று அப்பத்தா உறுதியாக நம்பியது. நானும் நம்புகிறேன்.

அந்தப் பங்குகளில் ஒரு மரக்கால் அழகருக்கு. தனியே மஞ்சள் துணியில் முடிந்து உத்திரத்தில் தொங்கும். அறுப்பு முடிந்து ஓய்வு கிடைக்கிற நாளில் வண்டி கட்டி மலைக்குப் போவோம். கோயிலில் தானியத்தைக் கொட்டுவோம். அப்படிச் சேர்கிற தானியத்தில்தான் அழகர்கோயில் தோசை. கெட்டியாக, நெய் மணக்க, ஓரம் முறுகலாக இருக்கும். கொடுத்ததைத் தின்றுவிட்டுத் திரும்புவோம். சித்திரையில் அவர் ஆற்றில் இறங்கும்போது உடுத்துகிற பட்டைப் பார்த்துத்தான் அந்த வருஷத்து வெள்ளாமையைச் சொல்வார்கள். பச்சைப் பட்டு என்றால் செழிப்பு. வண்டியூர்ப் பக்கமோ தல்லாகுளம் பக்கமோ நின்று பார்க்கிற லட்சக்கணக்கான பேரில், பச்சையைக் கண்டதும் பெருமூச்சு விடுகிறவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். நிலம் வைத்திருப்பவர், அல்லது வைத்திருந்தவர்.

மதுரையின் கதைகளில் எனக்கு மிக நெருக்கமானது வந்திக் கிழவியின் கதை. வைகை உடைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கிற கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. தின்கிறார், தூங்குகிறார், ஆடுகிறார், மண் சுமக்கிறார், கடைசியில் பிரம்படி வாங்குகிறார். திருவிளையாடல் புராணத்தில் இது மண் சுமந்த படலம். ஆவணி மூலத் திருவிழாவில் இன்றைக்கும் புட்டுத்தோப்பில் இதை நடத்துகிறார்கள். அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்தக் கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு இருந்தது. ஆள் இல்லாதவள், வயதானவள் என்று அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. உன் பங்கு இது, இதை அடை என்றார்கள். பங்கு இருந்ததால்தான் அவளிடம் கடவுள் வந்தார். எங்கள் ஊரில் கண்மாய்க் கரை போடும்போதும் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். போகாத வீட்டுக்காரர் அடுத்த ஊர்க்கூட்டத்தில் தலை நிமிர்ந்து பேசமாட்டார். ஊர்க்காரன் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த அடையாளம் அந்த ஒரு கூடை மண்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் மொத்தமும் பொய்யாகிவிடும். எங்கள் வயலில் அதிகம் நின்றவை எங்கள் வீட்டுக் கால்கள் அல்ல. குலவையை எடுத்துக் கொடுக்கிற அந்த அம்மா காலனியிலிருந்து வருவார். அவர் கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். சனி மூலையில் முதல் நாற்றை ஊன்றுவது அவர் கை. ஆனால் ஊர்க் கோயிலில் முதல் மரியாதை வேறு யாருக்கோ போகும், அவர் வாசலுக்கு வெளியே நிற்பார். டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. நிலத்தைத் தொட்டவர்களுக்குத்தான் நிலத்தின் தெய்வம் என்றால், அவரைவிட உரிமைக்காரர் அந்த ஊரில் கிடையாது. பட்டா மட்டும் எங்கள் பேரில்.

பட்டா யார் பேரில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்த இரண்டு பேர் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். கிருஷ்ணம்மாள் 1926இல் அன்றைய மதுரை மாவட்டத்தில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஜெகந்நாதன் வசதியான குடும்பத்துப் பிள்ளை. நாடு விடுதலை அடையும் வரை கல்யாணம் இல்லை என்று இருந்தவர். இருவரும் 1950இல் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருஷம் ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபாவுக்கு முதல் பூதானம் கிடைத்தது. அந்த வேலையைத் தமிழ்நாட்டில் தோளில் சுமந்தவர்கள் இவர்கள். திண்டுக்கல்லும் அடங்கியிருந்த அந்தப் பழைய மதுரை மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பின் வழியாக நிலமில்லாத பெண்களின் பேரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். கிருஷ்ணம்மாள் எந்தக் காரியத்தையும் விளக்கேற்றி, வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதியை நினைத்துத் தொடங்குவார். பேச்சுவார்த்தை, பத்திரப் பதிவு, சிறை எல்லாமே அவருக்கு அந்த ஒளியின் முன்னால் நடப்பவை. நிலச் சீர்திருத்தத்தை ஆன்மிகமாகப் பார்த்தது மிகை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலனி அம்மாவின் கையில் ஒரு பட்டா இருந்திருந்தால், சனி மூலைப் பிள்ளையார் அன்றைக்குத்தான் முழுதாகக் கண் திறந்திருப்பார்.

மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டியில் இன்னொருவர் இருந்தார். ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்கியலும் நியூயார்க்கில் பொருளாதாரமும் படித்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்திய மனிதர். காந்தியிடம் வந்த பிறகு கிராமப் பொருளாதாரமே அவர் மதமாயிற்று. கடைசி வருஷங்களைக் கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அங்கே தன் குடிலில் ஓர் ஏழை உழவரின் படத்தை வைத்திருந்தாராம். யார் இவர் என்று கேட்டால், காந்தி என் எசமானர், இவர் என் எசமானரின் எசமானர் என்ற பொருளில் பதில் சொல்வார் என்பார்கள். அது அழகுக்காகச் சொன்ன பேச்சு இல்லை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலுடையைக் களைந்து முழத்துண்டுக்கு மாறியது மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். அந்த உடை இந்த வட்டாரத்துச் சம்சாரியின் உடை.

உடலுக்குச் சோறு எப்படியோ, மனிதனின் உள் ஆற்றல்களுக்கு வேலை அப்படி என்று குமரப்பா கருதினார். பின்னால் ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில் பௌத்தப் பொருளாதாரம் பற்றி எழுதும்போது குமரப்பாவைத்தான் துணைக்கு அழைத்தார். அதற்கும் வெகு முன்னால், 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியும் காலன்பாக்கும் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையின் 1,100 ஏக்கரில், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் மரம் வளர்த்து, சமைத்து, செருப்புத் தைத்து வாழ்ந்தன. அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். கையால் உழைக்காமல் உண்பது திருட்டு என்ற எண்ணத்தை அங்கே தினசரி வாழ்க்கையாக்கிப் பார்த்தார்கள். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார். அவர் பெயரில் மதுரையில் பெரிய சாலை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் நிலம் போன கதையில் வில்லன் இல்லை. அடுத்தடுத்துக் கண்மாய் பெருகாத வருஷங்கள். அணையில் இருப்பு இல்லை, ஒருபோகத்துக்குத் திறக்கவில்லை என்று செய்தி வரும். விதைத்த நாற்றங்கால் காய்ந்து மாட்டுக்குப் போகும். தங்கச்சி கல்யாணம் வந்தது. அப்பாவுக்கு முட்டி தேய்ந்து வரப்பில் நடக்க முடியாமலானது. எனக்கு நகரத்தில் வேலை. நாலுவழிச் சாலை வந்த பிறகு நிலத்துக்கு ஒரு விலை வந்தது. அது நெல்லால் ஒருநாளும் எட்ட முடியாத விலை. விற்றோம். வாங்கியவர் சமப்படுத்தி வெள்ளைக் கல் நட்டார். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பேருந்து அந்த இடத்தைக் கடக்கும்போது மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

ஊரில் மிச்சம் இருக்கிற வயல்களிலும் களம் இல்லை. அறுவடை இயந்திரம் மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது. காலையில் நின்ற பயிர் மத்தியானம் நெல்லாக டிராக்டரில் கிடக்கிறது. முதுகு ஒடிய அறுத்தவர்களுக்கு அது விடுதலைதான், அதை நான் மறுக்கவில்லை. நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் கொட்டிக் காயப்போட வேண்டும். 40 கிலோ மூட்டைகளாக எடை போடுகிறார்கள். அங்கே எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. வண்ணாருக்கும் நீர்ப்பாய்ச்சிக்கும் அளப்பதற்குப் பொலி என்ற ஒன்று எங்கும் குவிவதில்லை. பணம் வங்கிக்கு வந்துவிடுகிறது.

நான் இருப்பது ஒத்தக்கடைப் பக்கம். மாடியிலிருந்து யானைமலை தெரியும். உயர் நீதிமன்றக் கிளை 2004இல் எழுந்த இடம் உலகனேரிக் கண்மாய். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எந்தத் திசையில் மடை இருந்திருக்கும் என்று கண் தானாகத் தேடும். மழை பெய்தால் எங்கள் குடியிருப்புகளில் தண்ணீர் தேங்கும், எல்லோரும் மாநகராட்சியைத் திட்டுவார்கள். அந்தத் தண்ணீர் தன் முறைக்கு வந்திருக்கிறது என்று எனக்குப் படும். அருகில் 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருப்பதால் சாலையோரத்தில் இன்னும் கொஞ்சம் நெல் வயல் மிச்சம் இருக்கிறது. நடவு நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சேற்று வாடையை மூச்சு நிறைய இழுத்துக்கொள்வேன்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். சமணப் படுகைகளும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தக் கூட்டத்தில் வயசான பெண்கள் நிறைய. அவர்கள் பேச்சில் நான் கேட்டது இழப்பீட்டுத் தொகை பற்றி இல்லை. எங்க மலை, எங்க கருப்பன், எங்க கண்மா என்றார்கள். அந்த 'எங்க' என்ற அழுத்தத்தைக் கேட்டபோது எனக்கு மார்பு விம்மியது, பொறாமையும் வந்தது. நாளை என் வீட்டு மனைக்கு ஒரு அறிவிப்பாணை வந்தால் நான் எந்தச் சாமியின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்பேன்? சதுரடி விலையைத்தான் பேசுவேன். வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன், கோயிலுக்கும் போகிறேன். ஆனால் மண்ணோ தண்ணீரோ தெய்வமோ என்னை வேலைக்குக் கூப்பிடுவது நின்று வெகு காலமாயிற்று. நடுச்சாமத்தில் என்னை எழுப்பி, உன் முறை வந்துவிட்டது, எழுந்திரு என்று சொல்ல யாரும் இல்லை.

அழகர்கோயிலுக்கு இப்போதும் தானியம் கொண்டுபோகிறேன். வழியில் கடையில் வாங்குகிற நெல். கொட்டும்போது கை கூசும். தோசை அதே ருசிதான்.

பெரியப்பா மகன் இன்னும் ஊரில் விவசாயம் பார்க்கிறார். கடைமடையில் அவருடைய வயலும் இன்னும் இரண்டு மூன்று பேர் வயலும்தான் மிச்சம். மகன் திருப்பூரில் இருக்கிறான். முறை வருகிற இரவுகளில் அவர் ஒருவராகத்தான் மடையில் கிடக்கிறார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்ணே, இந்தப் புரட்டாசிக்கு ஒரு முப்பது செண்ட் எனக்கு வாரத்துக்கு விடுங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விளையாட்டுக்குக் கேக்குறியா?"

"இல்லண்ணே. நாத்துல இருந்து அறுப்பு வரைக்கும் நானே பாக்குறேன். முறைத் தண்ணிக்கு ராத்திரி வந்துருவேன். உங்க வயலுக்கும் சேத்துப் பாத்துக்கிறேன்."

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்தார். நடவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். காலனி அம்மாவின் மகள் இப்போது ஒரு குழு வைத்திருக்கிறாராம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம். கூலி பேசியபடி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்றார். கொடுக்கிறேன் என்றேன். இயந்திரம் அந்த மூலைக்கு வராது, கையறுப்புத்தான் என்றார். அதுவும் சரி என்றேன்.

"விளைஞ்சதுல பாதி எனக்கு" என்றார். "அழகருக்கு உள்ள மரக்கா உன் பங்குலருந்துதான் போகணும்."